அம்மா கறந்தால்தான் மாடு பால் விடுகிறது, என்ன செய்யலாம்?

எங்கள் மாடு ஜெர்சி கலப்பினம், இரண்டாம் ஈத்து, கன்று போட்டு 40 நாள். இதுவரை அம்மா மட்டுமே கறந்துவந்தார். 9 நாளுக்கு முன் அவர் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் பிரிக்க ஆறு வாரமாவது ஆகும்.

இப்போது நான் கறக்கிறேன். முன்பு வேளைக்கு 5 லிட்டர், எனக்கு ஒன்றரைதான். பாலை அடக்கிக்கொள்கிறது. அப்புறம் கன்றை விட்டால் உடனே சுரப்பு விடுகிறது, அதனால் மடியில் பால் இருப்பது உறுதி. வீக்கம், சூடு, பாலில் திரி எதுவும் இல்லை. காய்ச்சலும் இல்லை, தீவனம் நன்றாக எடுக்கிறது.

கன்றை முதலில் ஊட்டவிட்டேன், வெந்நீரில் மடியைக் கழுவித் தடவினேன், அம்மா உடுத்திய துணியைத் தோளில் போட்டுக்கொண்டேன். அம்மாவைப் பக்கத்தில் நிற்கவைத்துப் பேசச் சொன்னால் மட்டும் 3 லிட்டர் வரை வருகிறது. ஆனால் வலியோடு அவரை விடியற்காலையில் எழுப்ப மனம் வரவில்லை. மிச்சப் பால் மடியிலேயே தங்கி மடிநோய் வந்துவிடுமோ என்பதுதான் பெரிய பயம். பாலை இறங்கவைக்கும் ஆக்ஸிடோசின் ஊசி போடுவதாக இல்லை.

ஊசியில்லாமல் புதுக் கைக்கு மாட்டைப் பழக்கியவர்கள் எப்படிப் பழக்கினீர்கள்?