மறு: புலவர் வீடு, இரண்டாம் தவணை

அஸ்ஸலாமு அலைக்கும்.

நம் ஊர்ப் புலவரின் பழைய வீட்டைச் சங்கம் இலக்கிய மையமாக்கும் வேலைக்குத் துபாய்க் காக்கா (அண்ணன்) இந்தக் குழுமடலில் இரண்டாம் தவணைப் பணம் கேட்டு எழுதியதும் பாதிப் பேர் தொகையைச் சொல்லிவிட்டீர்கள். நான் சொல்லவில்லை. என் தங்கை பெருநாளைக்குக் கீழக்கரை போனபோது புலவர் வீட்டைப் படம் எடுத்து அனுப்பினாள். திண்ணைச் சுவர் முழுக்கச் சிமெண்டு பூசியாகிவிட்டது. அடுத்து முற்றத்துச் சுவராம், சாரம் கட்டியிருக்கிறது.

அது கடல்பாறைக் கல்லும், அதாவது பவளப்பாறையும், சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய வீடு. கடலோரச் சுவரில் ஈரமும் உப்பும் ஏறிக்கொண்டேதான் இருக்கும். சுண்ணாம்புக் காரை அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும், சிமெண்டு விடாது. உப்பு உள்ளேயே பூத்துக் கல் பொரிந்து உதிரும். நடுத்தெருவில் பெரிய வீட்டுக்கும் அதுதான் ஆனது என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். உதிர்ந்த கல்லுக்கு மாற்றும் கிடையாது. 2001 முதல் பவளப்பாறை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, கடலில் இருந்து ஒரு துண்டு எடுத்தாலும் வழக்கு. கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரில் சுண்ணாம்பு குழைக்கத் தெரிந்த கொத்தனார் செட்டிநாட்டுப் பக்கம் கிடைப்பார். கூலி கூடுதல், நாளும் பிடிக்கும். அதற்குக் கேளுங்கள், நான் தருகிறேன்.

வாசலில் கிரானைட், ஏசி மண்டபம், கொடையாளர் பெயரோடு கல்வெட்டு என்று பினாங்கு மச்சான் எழுதியிருக்கிறார். ஊர்ப் பெருமை எனக்கும் உண்டு மச்சான். உமறுப் புலவரைச் சீறாப்புராணம் பாட வைத்த வள்ளல் சீதக்காதியின் ஊர் என்று மேடைக்கு மேடை சொல்கிறோம். உமறுப் புலவரின் அடக்கத்தலம் எட்டயபுரத்தில் இருக்கிறது. பாரதி பிறந்த வீட்டையும் அங்கே நினைவில்லமாக வைத்திருக்கிறார்கள். நம்மிடம் காட்டுவதற்கு இந்த ஒரு வீடுதான். அதை மண்டபமாக்கிவிட்டால் வருகிறவர்களுக்கு எதைக் காட்டுவது?

வந்த பணத்துக்குக் கணக்கு கேட்ட சிங்கப்பூர்த் தம்பி மேல் ஏன் பாய்கிறீர்கள்? அவன் வாப்பா சங்கத்துக்குச் செய்ததை மறந்துவிட்டீர்களா? அவன் கேட்டது சட்டப்படியும் சரி. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிற நாம் சொந்தச் சேமிப்பை வங்கி வழியே அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர்கள் அனுப்பினால் ஆகும், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) இருந்தாலும் அப்படித்தான். அதை வாங்கச் சங்கத்துக்குத் தனிப் பதிவு வேண்டும். அந்தப் பணமும் 2021 ஏப்ரல் முதல் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் முதலில் வர வேண்டும். பினாங்குப் பணமும் லண்டன் பணமும் எந்தக் கணக்கில் வந்தன?

அப்புறம் லாத்தா (அக்கா) விஷயம். புலவர் வீட்டுப் பின்கட்டில் குடியிருக்கிற அவரை "ஒரு வழி பண்ணி" வெளியே அனுப்ப வேண்டும் என்று எழுதியதைப் படித்து எனக்கு வயிறு எரிந்தது. கிணற்றடிப் பாகப் பிரச்சினையை இதில் கொண்டுவந்து தீர்க்காதீர்கள். வீடு பூட்டிக் கிடந்த காலமெல்லாம் கரையான் ஏறாமல் பார்த்துக்கொண்டது அவர்தான். ராமேசுவரம் பள்ளிவாசல் தெருவில் கலாம் வீட்டைப் பாருங்கள், குடும்பம் கீழே இருக்கிறது, காட்சிக்கூடம் மாடியில். இங்கேயும் லாத்தா பின்கட்டில் இருக்கட்டும், முன்கட்டு போதும்.

இத்தனை மடலிலும் அந்த வீட்டு அலமாரியைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே! நம் புலவரின் கையெழுத்துப் பிரதிகள், நம்மூர் மார்க்க அறிஞர் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் காலத்து அரபுத் தமிழ் (அரபு எழுத்தில் எழுதிய தமிழ்) அச்சுகள், எல்லாம் அதில்தான். என் உம்மாவுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. அரபுத் தமிழில் மாலைகளை, அதாவது மார்க்கப் பாடல்களை, எழுத்துக் கூட்டாமல் வாசிப்பார். ரபியுல் அவ்வலில் அந்த முற்றத்தில் பெண்கள் சுற்றி உட்கார்ந்திருக்க அவர் ராகம் போட்டு ஓதியது இப்போதும் காதில் இருக்கிறது. அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் ஊரில் குறைந்துகொண்டே வருகிறார்கள். இலக்கிய மையம் என்று பெயர் வைத்தால் அந்த எழுத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் வகுப்பு முதலில் அங்கே நடக்க வேண்டும். பிரதிகளைப் படியெடுக்கச் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் கேட்கலாம், நானே எழுதுகிறேன். லாத்தா கூட இருக்கும்போது அலமாரியைத் திறங்கள், இருப்பதை எல்லாம் பட்டியல் போடுங்கள்.

முற்றத்துச் சுவரைத் தொடும் முன் கொத்தனாரை நிறுத்த வேண்டும். ஊரில் இருப்பவர்களில் யார் இன்றைக்குப் போய்ப் பேசுகிறீர்கள்? செயலாளர் காக்கா, தனிமடல் வேண்டாம், பதிலை இங்கேயே எழுதுங்கள்.

வஸ்ஸலாம்.
மேலத்தெரு, இப்போது ஜித்தா