சியாட்டில் பக்கம் பட்டாணி எப்போது விதைப்பது? மே மாதம் போட்டது மொத்தமும் வீணாகிவிட்டது

மழைநகர்வாசி:
பெல்வியூவில் இருக்கிறோம், வீட்டுக்குப் பின்னால் இரண்டு மேட்டுப்பாத்தி உண்டு. போன வருடம் வெயில் வந்ததும் மே முதல் வாரத்தில் சுகர் ஸ்நாப் பட்டாணி போட்டேன். நன்றாக முளைத்து இடுப்பு உயரம் ஏறிவிட்டது. ஜூன் கடைசியில் இலையெல்லாம் புள்ளி விழுந்தது, வெயிலுக்கு நேராகப் பிடித்தால் அந்தப் புள்ளி வழியே வெளிச்சம் தெரிகிறது. குருத்து முறுக்கிக்கொண்டது. காய் கோணல்மாணலாக, தோல் முழுக்கப் பருவாக வந்தது, உரித்தால் ஒன்றிரண்டு மணிதான். உரம் போதவில்லையா, தண்ணீர் அதிகமா? பக்கத்து வீட்டு அம்மா பிப்ரவரியிலேயே போட வேண்டும் என்கிறார். அப்போது மண் சொதசொதவென்று கிடக்குமே, விதை அழுகாதா? இன்னொன்று, இந்தியக் கடையில் விற்கும் காய்ந்த பட்டாணியை விதைக்கலாமா?

கீரைப்பாத்தி:
உரமும் காரணமில்லை, தண்ணீரும் இல்லை. வெளிச்சம் தெரியும் புள்ளியும் காயில் பருவும் சேர்ந்து வந்தால் அது பீ இனேஷன் மொசைக் என்ற வைரஸ், கேஸ்கேட் மலைக்கு மேற்கே பட்டாணி போடுகிற எல்லாருக்கும் பழைய தொல்லை. குளிர்காலம் முழுக்க இது க்ளோவர், அல்ஃபால்ஃபா மாதிரியான தீவனச் செடிகளில் தங்கியிருக்கும், வெயில் ஏறியதும் அசுவினிப் பூச்சி அங்கிருந்து பறந்து வந்து பட்டாணியில் சாறு உறிஞ்சும், அதோடு நோயும் இறங்கிவிடும். வந்த பிறகு மருந்து கிடையாது. மே மாதம் போட்ட செடி அந்த நேரத்தில் இளசாக இருப்பதால் அடி பலமாக விழுகிறது, மார்ச்சில் போட்டது அதற்குள் காய்க்க ஆரம்பித்துவிடும். முன்கூட்டியே விதைக்கச் சொல்வதற்கு வெயில் இரண்டாவது காரணம்தான், முதல் காரணம் இந்த அசுவினி.

விதையையும் மாற்றுங்கள். சுகர் ஸ்நாப் 1979இல் வந்த ரகம், ருசியில் அதை அடித்துக்கொள்ள முடியாது, ஆனால் இந்த வைரஸைத் தாங்காது. ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் பேகெட் என்பவர் இந்தப் பகுதிக்காகவே வைரஸைத் தாங்கும் ரகங்களை உருவாக்கினார். தட்டைக் காய்க்கு ஒரிகன் சுகர் பாட் 2, தோலோடு கடித்துத் தின்னும் தடித்த காய்க்கு கேஸ்கேடியா. ஏப்ரலைத் தாண்டிவிட்டால் இவற்றைத் தவிர வேறு எதையும் நான் போடமாட்டேன்.

வடக்குவாசல்:
அந்த அம்மா சொல்வது இந்த ஊர்க் கணக்கு. பிப்ரவரி மூன்றாவது திங்கள், பிரசிடென்ட்ஸ் டே அன்று பட்டாணி போடுவது இங்கே வழக்கம். ஆனால் தேதியை விட மண்ணின் சூட்டைப் பாருங்கள். ஒரு மண் தெர்மாமீட்டர் வாங்கி காலையில் இரண்டு அங்குல ஆழத்தில் குத்திப் பார்த்தால் போதும். 40 டிகிரி ஃபாரன்ஹீட்டில் முளைக்க ஐந்து வாரம் ஆகும், அத்தனை நாள் ஈரத்தில் கிடந்தால் விதை அழுகத்தான் செய்யும். 50 டிகிரியில் இரண்டு வாரம், 60 என்றால் ஒன்பது பத்து நாளில் தலை காட்டிவிடும்.

இதற்கு நம் வீட்டு வழியே இருக்கிறது. பாசிப்பயறு முளைகட்டுவது போல விதையை ராத்திரி ஊறவைத்து, ஈரத்துணியில் சுற்றி அடுப்படியில் வையுங்கள், இரண்டு மூன்று நாளில் வெள்ளையாக வேர் நுனி எட்டிப் பார்க்கும். அந்த நிலையிலேயே, வேர் நீளுவதற்கு முன், ஒரு அங்குல ஆழத்தில் இரண்டு அங்குல இடைவெளி விட்டு ஊன்றிவிடுங்கள். முளைத்த செடிக்கு லேசான உறைபனி ஒன்றும் செய்யாது. மேட்டுப்பாத்தி இருப்பதால் தண்ணீர் வடிந்துவிடும், தழைச்சத்து உரம் மட்டும் வேண்டாம், கொடிதான் மதமதவென்று வளரும்.

கடலோரத்தான்:
பிப்ரவரி என்பதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். எனக்கு நகராட்சியின் பீ-பேட்ச் தோட்டத்தில் ஒரு துண்டு நிலம், களிமண். அங்கே பிப்ரவரி விதையும் மார்ச் நடு விதையும் கடைசியில் ஒரு வாரம் முன்பின்னாகத்தான் காய்க்கின்றன, நடுவில் நத்தைக்கும் காக்கைக்கும் தீனி போட்டதுதான் மிச்சம். ஓடில்லாத நத்தை ஒரே ராத்திரியில் குருத்தைத் தரையோடு வழித்துவிடும். நத்தைக்கு மருந்தாக இரும்பு பாஸ்பேட் குருணை தூவுங்கள், செடி நாலு அங்குலம் வரும் வரை மேலே வலை போடுங்கள். குச்சியோ கம்பிவலையோ விதைக்கும் அன்றைக்கே நட்டுவிடுவது நல்லது, பிறகு நட்டால் வேர் அறுபடும்.

கடைப் பட்டாணி உடைக்காத முழு மணியாக இருந்தால் பெரும்பாலும் முளைக்கும். ஆனால் அது காயவைத்துச் சுண்டல் செய்வதற்கான ரகம், பச்சையாகத் தின்ன இனிப்பு போதாது, வைரஸைத் தாங்குமா என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. தட்டில் நெருக்கமாகத் தூவி அரைச்சாண் வளர்ந்ததும் கீரையாக அறுத்துக்கொள்ளுங்கள், பூண்டு தட்டிப் போட்டு வதக்கினால் அவ்வளவு நன்றாக இருக்கும்.

மழைநகர்வாசி:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. சரி, மார்ச் முதல் வாரம் கேஸ்கேடியாவை முளைகட்டிப் போடுகிறேன். ஆடி ஆவணியில் இன்னொரு முறை போட முடியுமா?

கீரைப்பாத்தி:
முடியும், ஆனால் ஜூலை நடுவுக்குள் போட்டுவிட வேண்டும். ஆகஸ்ட் என்றால் பூக்கும் நேரத்தில் பொழுது சுருங்கிக் குளிர் வந்துவிடும், செடி தாங்கினாலும் பூவும் பிஞ்சும் உறைபனியைத் தாங்காது. இங்கே ஜூலையிலும் ஆகஸ்டிலும் மழை பெரிதாக இருக்காது, அதனால் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சாம்பல் நோயும் வரும், நல்லவேளையாக நாம் பேசிய இரண்டு ரகமும் அதையும் தாங்கும். வசந்தகாலத்து விளைச்சல் அளவுக்கு எதிர்பார்க்காதீர்கள். காய்க்கத் தொடங்கியதும் தினமும் பறியுங்கள், முற்றிய காய் கொடியில் நின்றால் புதுப் பூ குறைந்துவிடும். பறித்த அன்றே சமைத்துவிடுங்கள், வைக்க வைக்க இனிப்பு மாவாக மாறிவிடும்.