இஸ்லாமிய வங்கி முறையால் மலேசியா வளர்ந்ததா, வளர்ச்சியால் அந்த வங்கி முறை வளர்ந்ததா?

பொருளியல் மாணவி (கேள்வி):
மலேசியாவில் பொருளியல் முதுகலை படித்து வருகிறேன். 1983 ஜூலையில் நாட்டின் முதல் இஸ்லாமிய வங்கியான பேங்க் இஸ்லாம் செயல்படத் தொடங்கியது முதல் இன்றுவரை, வட்டியை விலக்கிய இஸ்லாமிய வங்கிகள் வழங்கிய நிதியும் நாட்டின் மொத்த உற்பத்தியும் சேர்ந்தே ஏறி வந்திருப்பதால், முன்னதே பின்னதற்குக் காரணம் என்று வகுப்பில் பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். தொழில் வளர்ந்தால் வங்கி தானாகப் பின்தொடரும் என்ற எதிர்வாதமும் எனக்கு நியாயமாகவே படுகிறது. ஆய்வேட்டில் எதை அளப்பது என்று அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்:
முதலில் காலவரிசையைப் பாருங்கள், தங்கையே. 1988 முதல் 1996 வரை மலேசியப் பொருளாதாரம் ஆண்டுதோறும் 9 விழுக்காட்டை ஒட்டியோ தாண்டியோ வளர்ந்தது; அந்நிய முதலீடும் பினாங்கு போன்ற இடங்களின் மின்னணுத் தொழிற்சாலைகளும் அதற்குப் பெருங்காரணம். மற்ற வங்கிகள் வட்டியில்லாச் சேவையைத் தொடங்க வழி பிறந்ததே 1993இல்தான். அதுவரை முழுமையான இஸ்லாமிய வங்கி ஒன்றே ஒன்று. அந்த வேகத்துக்கு அதைக் காரணமாக்குவது பொருந்தாது.

ஆனால் தாக்கமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். ஹஜ் பயணத்துக்காகக் கிராமத்து மலாய்க்காரர்கள் வட்டி பாவம் என்று அஞ்சிப் பணத்தை வீட்டிலேயே சேர்த்து வைத்ததையும், நிலத்தையும் கால்நடையையும் விற்றுப் புறப்பட்டதையும் கண்ட பொருளியல் அறிஞர் உங்கு அஸிஸ், 1959இல் ஒரு சேமிப்புத் திட்டத்தை முன்மொழிந்தார். 1963இல் உருவாகிப் பின்னாளில் தாபோங் ஹாஜி என்று பெயர் பெற்ற அமைப்பு, முடங்கிக் கிடந்த அந்தப் பணத்தைத் தோட்டங்களிலும் பங்குகளிலும் முதலீடாக்கியது. வங்கிப் பக்கமே வராத பணம் உற்பத்திக்கு வந்த இடம் இது. என் கணிப்பில், நீங்கள் தேட வேண்டிய தாக்கம் இத்தகைய இடங்களில்தான் இருக்கிறது.

இதற்கு நேர்மாறானது தவர்ருக் முறை. ஒருவருக்கு 50,000 ரிங்கிட் தேவையென்றால், வங்கி அந்தத் தொகைக்குச் செம்பனை எண்ணெய் போன்ற ஒரு சரக்கை வாங்கி, இலாபம் சேர்த்துத் தவணை விலைக்கு அவருக்கு விற்கும். பிறகு அவருடைய முகவராக அதே சரக்கை வேறொருவருக்கு ரொக்கத்துக்கு விற்று, பணத்தை அவர் கணக்கில் போடும். சரக்கை அவர் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. ஒப்பந்தம் ஷரியாவின்படி அமைந்திருக்கலாம். பொருளாதாரத்தில் அது செய்யும் வேலை வழக்கமான கடனின் வேலையே.

கிள்ளான் வணிகர்:
ஐயா சொன்னதை என் அனுபவமும் உறுதிப்படுத்துகிறது. நான் இந்து, இஸ்லாமிய முறையில்தான் இயந்திரம் வாங்கினேன். மொத்த விற்பனை விலை ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருந்ததும், தாமதக் கட்டணம் அசலோடு சேர்ந்து குட்டி போடாததும் எனக்குப் பெரிய நிம்மதி. ஆனால் பட்டறையை விரிவாக்க, இலாபத்திலும் நட்டத்திலும் பங்கேற்கும் முஷாரகா முறையில் நிதி கேட்டபோது, அந்த வங்கி தணிக்கை செய்த மூன்றாண்டுக் கணக்கையும் வீட்டுப் பத்திரத்தையும் கேட்டது. வீட்டை அடகு வைக்க முடிந்தவன் கூட்டாளியைத் தேடி ஏன் போகிறான்?

ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்:
உங்கள் வருத்தம் நியாயமானது, தம்பி. ஆனால் மேசைக்கு இந்தப் பக்கம் இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன்: நாங்கள் கொடுப்பது வைப்பாளர்களின் பணம். கூட்டாளி காட்டும் இலாபம் உண்மையா என்று மாதந்தோறும் சரிபார்க்க ஆளும் நேரமும் வேண்டும். தவணை விற்பனையில் அந்தத் தலைவலி இல்லை. வங்கிகள் அந்தப் பக்கமே சாய்வதற்கு இது முக்கியக் காரணம்.

ஆகவே, தங்கையே, மொத்த நிதியை ஒரே எண்ணாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தவர்ருக், முராபஹா (வாங்கிய விலையோடு இலாபம் சேர்த்து விற்பது) ஆகியவற்றைத் தனியாகவும், முஷாரகா, முளாரபா (ஒருவர் முதல் போட, மற்றவர் உழைத்து இலாபத்தைப் பங்கிடுவது) ஆகியவற்றைத் தனியாகவும், சாலைக்கும் மின்நிலையத்துக்கும் நீண்டகாலப் பணம் திரட்டித் தரும் சுக்கூக் பத்திரங்களை வேறாகவும் பிரித்து வையுங்கள். தனிநபர் செலவுக்குப் போன ரிங்கிட்டையும் தொழிற்சாலைக்குப் போன ரிங்கிட்டையும் ஒரே வரிசையில் கூட்டினால், எந்தச் சோதனையும் உங்களுக்குச் சரியான விடை தராது.

பொருளியல் மாணவி:
மிக்க நன்றி, ஐயா. 1993ஐ எல்லைக்கோடாக வைத்து, அதற்கு முன்பும் பின்பும் தனித்தனியாக ஆராய்கிறேன். நிதியையும் ஒப்பந்த வகைப்படி பிரித்துக்கொள்கிறேன். கிள்ளான் அண்ணன் போன்ற சிறுதொழில் செய்பவர்கள் சிலரை நேரில் சந்தித்து, முஷாரகா கேட்டுக் கிடைக்காத கதைகளையும் பதிவு செய்ய விரும்புகிறேன்.