தஞ்சைக் கலைக்கூடத்தில் ஐந்து வயதுப் பையனுக்கு எதைக் காட்டலாம்?

வரும் சனிக்கிழமை திருச்சியிலிருந்து பஸ்ஸில் தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்துக்குப் போகிறோம். மகளுக்குப் பத்து வயது, மகனுக்கு ஐந்து. முழங்கால் வலியுள்ள என் அம்மாவும் வருகிறார்.

சிக்கல் மகன்தான். எந்த அருங்காட்சியகமானாலும் கால் மணி நேரம் தாங்குவான். பிறகு தரையில் உட்கார்ந்து, "வீட்டுக்குப் போகலாம்" என்று தொடங்கிவிடுவான். மகளோ ஒவ்வொரு பெயர்ப்பலகையையும் எழுத்து விடாமல் படிப்பவள். பாதியில் கிளம்பினால் அவள் முகம் வாடிவிடுகிறது.

நோட்டும் பென்சிலும் கொடுத்துப் பார்த்தேன். சிலைக்கு முன்னால் உட்கார்ந்து பஸ் வரைந்தான். ஐஸ்கிரீம் ஆசை காட்டினால் அது உடனே வேண்டும் என்கிறான். சிலைகளில் விலங்குகளைத் தேடும் விளையாட்டு மட்டும் ஓரளவு பலித்தது.

அதனால் இம்முறை திருவெண்காட்டில் கிடைத்த ரிஷபவாகனரைத்தான் நம்பியிருக்கிறேன். 1011ஆம் ஆண்டுச் செப்புத்திருமேனி. சடையைத் தலைப்பாகை போலச் சுற்றிக்கொண்டு, காளைமீது கை வைத்துச் சாய்ந்து நிற்கும் சிவன். காளைதான் இப்போது இல்லை. கை அந்தரத்தில் இருக்கிறது. "காளை எங்கே போயிருக்கும்?" என்று கேட்டால் பையன் கொஞ்ச நேரமாவது நிற்பான். (அம்மா ஒவ்வொரு சிலைக்கும் கன்னத்தில் போட்டுக்கொள்வார். அந்த நேரக் கணக்கு தனி.)

ஆனால் ஒரு சிலையை வைத்துக்கொண்டு காலைப்பொழுதை ஓட்ட முடியாது. குழந்தைகளோடு அங்கே போய்வந்தவர்கள் சொல்லுங்கள்: ஐந்து வயதுப் பையன் தானாக நின்று பார்க்கும்படி அங்கே வேறு எந்தெந்தச் சிலைகள் இருக்கின்றன?