முட்டி மாற்றிய அம்மாவுக்குக் கெண்டைக்கால் வீங்குகிறது, நீவிவிடலாமா?

தோட்டத்து மகள், சுங்கை சிப்புட்:
வணக்கம். அம்மாவுக்கு 66 வயது, பாதி ஆயுசு பால்மரம் வெட்டியவர். போன வாரம் ஈப்போவில் வலது முட்டியை மாற்றினார்கள். இப்போது வீட்டில் இருக்கிறார். இரத்தம் உறையாமல் இருக்க தினமும் வயிற்றில் போட ஊசி கொடுத்திருக்கிறார்கள். போட்ட இடமெல்லாம் நீலமாகிவிடுகிறது, அதனால் இனி வேண்டாம் என்கிறார். இன்று காலையிலிருந்து அந்தக் கெண்டைக்கால் வீங்கி இறுகியிருக்கிறது. அத்தை கோடாலித் தைலத்தோடு வந்து உட்கார்ந்திருக்கிறார். நீவலாமா?

மிஸ்ஸி அக்கா (நர்ஸ்), ஈப்போ:
தங்கச்சி, அத்தையை முதலில் தடுங்கள். உள்ளே இரத்தம் உறைந்திருந்தால், நீவும்போது துண்டு கழன்று நுரையீரலில் போய் அடைக்கலாம். அறுவைக்குப் பிறகு கால் வீங்குவது சகஜம்தான். ஆனால் கெண்டை திடீரென்று இறுகினால் எது எந்த வீக்கம் என்று கண்ணால் சொல்ல முடியாது, இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுக்க வேண்டும். கிளினிக் நாளைக்குத் திறக்கட்டும் என்று இருக்காதீர்கள், இன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு குத்தினாலோ, இருமலில் இரத்தம் வந்தாலோ உடனே மலேசிய அவசர எண் 999-ஐ அழையுங்கள்.

நீலத்துக்குப் பயந்து ஊசியை நிறுத்த வேண்டாம். தேய்க்காமல் விடுங்கள், தினமும் இடம் மாற்றிப் போடுங்கள், மறைந்துவிடும். மலம் கறுத்தாலோ காயத்தில் இரத்தம் நிற்காவிட்டாலோ உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

செம்பனை அண்ணன், பீடோர்:
முட்டி மாற்றியபோது எனக்கு ஊசி இல்லை. இரத்தம் உறையாமல் தடுக்கும் ரிவரோக்ஸாபன் 10 மில்லிகிராம், தினம் ஒரு மாத்திரை, இரண்டு வாரம். சிலருக்கு ஆஸ்பிரின் கொடுக்கிறார்கள். ஆளைப் பொறுத்து மருந்து மாறும், ஒருத்தர் மாத்திரையை இன்னொருத்தர் வாங்கிப் போடக் கூடாது. கடையில் விற்கும் ஐபுபுரோஃபென் மாதிரி வலி மாத்திரையையும் கேட்காமல் சேர்க்காதீர்கள், இரத்தக்கசிவு கூடும்.

தோட்டத்து மகள்:
ஸ்கேன் எடுத்தோம். இரத்தக்கட்டி இல்லை, அறுவை வீக்கம்தானாம். ஊசியைத் தொடரச் சொன்னார்கள். ஆனால் அம்மா நாள் முழுக்க நாற்காலியை விட்டு எழுவதில்லை. என்ன செய்யச் சொல்வது?

மிஸ்ஸி அக்கா:
அப்பாடா, நிம்மதி. கெண்டைச் சதை சுருங்கும்போதுதான் காலில் உள்ள இரத்தம் மேலே ஏறும். அசையாமல் இருந்தால் தேங்கும். அறுவையில் அடிபட்ட திசு ஏற்கெனவே இரத்தத்தை உறையத் தூண்டுகிறது, அதோடு தேக்கமும் சேரக் கூடாது. விழித்திருக்கும்போது மணிக்கொரு தடவை பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொல்லுங்கள். தையல் மிஷின் மிதிக்கிற மாதிரி என்றால் அம்மாவுக்குப் புரிந்துவிடும். அப்புறம் வாக்கரைப் பிடித்து வாசல்வரை நடக்கட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள்.

தண்ணீரையும் கவனியுங்கள். கழிவறைக்கு எழுந்து போக வலிக்கிறது என்று வயதானவர்கள் குடிப்பதையே குறைத்துவிடுவார்கள், வார்டில் எத்தனையோ பேரிடம் கெஞ்சியிருக்கிறேன். உடம்பில் நீர் வற்றினால் உறையும் வாய்ப்பு கூடும். இறுக்கமான காலுறை கொடுத்திருந்தால் அது சுருண்டு நிற்காமல் பாருங்கள், சுருண்ட இடத்தில் கயிறு மாதிரி பிடிக்கும்.