எஃப்4 டெஸ்ட்: பிரேக் பிரஷர் பாதியில் இறங்குகிறது, உதவி தேவை

வணக்கம். மகளுக்கு வயது 15. ரோட்டாக்ஸ் ஜூனியர் மேக்ஸ் என்ற ஜூனியர் பிரிவு கோ-கார்ட்டில் இருந்து இப்போதுதான் எஃப்4-க்கு (ஃபார்முலா 4 ரேஸ் கார்) வந்திருக்கிறாள். கார் மைகேல் கம்பெனி தயாரிப்பு, டெஸ்ட் நடப்பது சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை டிராக்கில்.

முதல் சில லேப் பிரேக் நன்றாக மிதிக்கிறாள். ரன் (நிறுத்தாமல் ஓட்டும் லேப்கள்) பாதியைத் தாண்டியதும், காரின் சென்சார் டேட்டாவில் பிரேக் பிரஷர் கோடு ஏறும்போதே மழுங்கிவிடுகிறது. அதை ஈடுகட்ட முன்கூட்டியே பிரேக் பிடிக்கிறாள். டீம் ஒப்பிட்டுப் பார்க்கும் ரெஃபரன்ஸ் டிரைவரைவிட லேப்புக்கு 0.8 நொடி இழக்கிறாள், பெரும்பகுதி பிரேக்கிங்கில்தான். வளைவுக்குள் வேகம் ஏறக்குறைய சமம்.

கார்ட்டில் பின்சக்கரத்துக்கு மட்டும்தான் பிரேக், லேசாக மிதித்தாலே போதும். எஃப்4-இல் மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் பூஸ்டர் கிடையாது, முழு பலமும் காலில் இருந்துதான் வரணும்.

பெடலை அருகே நகர்த்தி, சீட்டுக்கு ஃபோம் போட்டாச்சு. ஜிம்மில் லெக் பிரஸ் செய்கிறாள். வீட்டு சிமுலேட்டரில் மிதிக்கும் பலத்தை அளக்கும் லோட் செல் பெடல். அதில் கடைசி வரை பிரஷர் குறைவதே இல்லை! பிரேக் பேட், பிரேக் ஃப்ளூயிட் இரண்டையும் டீம் மாற்றிப் பார்த்துவிட்டது. அதே காரை இன்னொரு பையன் ஓட்டினான், அவனுக்குப் பிரச்சினை இல்லை.

"கால் வலிக்குதா?" என்றால் இல்லை என்கிறாள். 15 வயதில் வேறென்ன சொல்வாள்.

அடுத்த டெஸ்ட்டில் பழைய டயரில் நீண்ட ரன் தருவார்களாம். வேகமான ஒரு லேப்பைவிட, ரன் முழுக்க லேப் டைம் சீராக இருக்கிறதா, என்ன ஃபீட்பேக் சொல்கிறாள் என்பதைத்தான் பார்ப்பார்களாம்.

இது கால் பலம் தீர்வதா, பயமா என்று டேட்டாவை வைத்தே பிரித்துச் சொல்ல எதைப் பார்க்க வேண்டும்?