அத்தையின் ஜிப், நிலாவின் ஜிப்

*ஊட்டி வீடு – குடும்பக் குழு*

*நிலா:* கல்யாணப் போட்டோ எல்லாம் ஜிப் செய்து அனுப்பியிருக்கிறேன். திறந்து பாருங்கள்.

*செல்வி அத்தை:* என் ஜிப்பே திறக்கவில்லை. தலைக்குந்தாவில் உறைபனியாம், நான் பாதி மூடிய ஜெர்கினோடு நிற்கிறேன்.

*பெரியப்பா:* ஜிப் பல்லில் மெழுகுவர்த்தியைத் தேய். மூடின பின்னாலும் வாயைப் பிளந்தால் இழுக்கிற ரன்னர் தளர்ந்திருக்கிறது, குறடால் இரண்டு ஓரமும் லேசாக ஒரு அழுத்து. லேசாக!

*நிலா:* அத்தை, நான் சொன்னது ஃபைல் 😂

*செல்வி அத்தை:* அதற்கு ஏன் இதன் பேர்?

*பெரியப்பா:* ஜிப் என்பதே சத்தம்தான். காதோரம் தோட்டா பாய்கிற சத்தத்தை 19ஆம் நூற்றாண்டிலேயே அப்படித்தான் எழுதினார்கள். நாம் 'விர்ரென்று' என்பதுபோல. அப்புறம் வேகம், சுறுசுறுப்பு எல்லாம் ஜிப் ஆனது.

*கார்த்தி:* அப்போ ஜெர்கின் ஜிப்?

*பெரியப்பா:* அங்கேதான் வேடிக்கை. 1893இல் அமெரிக்காவில் ஜட்சன் என்பவர் பூட்ஸுக்காக ஒன்று செய்து காட்டினார். சரியாக ஓடவில்லை. 1913இல் ஸ்வீடன்காரர் சுண்ட்பேக் இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். அப்போதும் அதற்கு இந்தப் பேர் இல்லை. 1923இல் குட்ரிச் ரப்பர் கம்பெனி அதை வைத்து ரப்பர் பூட்ஸ் விற்றது. ஜிப்பர் என்பது அந்தப் பூட்ஸின் பேர்! பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு ஜனங்கள் பேரை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

*சித்தப்பா:* 👌👌

*கார்த்தி:* ஃபைலுக்கு வைத்தவர், ஃபைலைச் சுருக்கும் புரோகிராம் எழுதிய ஃபில் காட்ஸ், 1989. பேரைச் சொன்னது அவர் நண்பர். மற்றவர்கள் புரோகிராமைவிட வேகம் என்று காட்டத்தான். அத்தை ஜெர்கினுக்கும் அதற்கும் நேரடி உறவு இல்லை, ஒன்றுவிட்ட பங்காளி.

*நிலா:* அமெரிக்க அட்ரஸில் வருகிற ஜிப் கோட்?

*பெரியப்பா:* தபாலாபீஸ்காரனிடமே கேட்கிறாயா? 1963. மூன்று ஆங்கில வார்த்தைகளின் முதலெழுத்து. ஆனால் தபால் பறக்கும் என்று தோன்றட்டும் என்றே அப்படி அமைத்தார்கள். நம்முடையது பின்கோடு, 1972 ஆகஸ்ட் 15இல் வந்தது. 643001 என்று கை வலிக்க எழுதியிருக்கிறேன்.

*கார்த்தி:* அமெரிக்காவில் பூஜ்யத்துக்கும் ஜிப் என்பார்கள். மேட்சில் ஐந்துக்கு ஜிப் என்றால் எதிரணி ஒன்றுமே எடுக்கவில்லை.

*சித்தப்பா:* நம் சிட்டு ஃபண்டு மாதிரி.

*பெரியப்பா:* அந்தப் பேச்சு இங்கே வேண்டாம்.

*செல்வி அத்தை:* மெழுகு தேய்த்தேன், ஓடுகிறது. நிலா, போட்டோவை ஒவ்வொன்றாகவே அனுப்பு.

*நிலா:* நானூறு இருக்கிறது அத்தை.

*சித்தப்பா:* நான் இருக்கிற போட்டோ மட்டும் போதும்.